ரேடியோ போடாத இறுதியாட்டம்

போன வாரம் கல்லூரிக்கு வந்தபோது உங்களைப் பார்த்தேன். விளையாட்டு மேலாண்மைப் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளைவிடப் பயந்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தீர்கள். "மேம், எங்கள்ல யாருக்குமே ஒரு விளையாட்டும் உருப்படியாத் தெரியாது. பி.பி.ஏ. பிள்ளைங்களுக்கு இதை எப்படி நடத்துறது?" என்று கேட்டீர்கள். வண்டி வந்துவிட்ட அவசரத்தில் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். இப்போதுதான் ஓய்வில் இருக்கிறேனே, பதிலை எழுதியே அனுப்புகிறேன்.

முதலில் உங்கள் வயிற்றில் பாலை வார்த்துவிடுகிறேன். எனக்கும் ஒன்றும் தெரியாது. காஸ்ட் அக்கவுண்டிங் நடத்திக்கொண்டிருந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பு என்றாலே வயிற்றுவலி வந்துவிடும். ஒருநாள் செயலர் ஃபாதர் கூப்பிட்டு, "நம்ம ஏரியாவுல தெருவுக்கு ஒரு கேரம் கிளப் இருக்கு. பந்து உதைக்கத் தெரியாத பிள்ளையே இல்ல. ஆனா ஒரு போட்டியை ஒழுங்கா நடத்தத் தெரிஞ்ச ஆள் இல்ல. பி.பி.ஏ.வுல விளையாட்டு மேலாண்மை ஆரம்பிக்கிறோம், நீங்க எடுங்க" என்றார். "ஆஃப்சைடுன்னா என்னன்னே எனக்குத் தெரியாது ஃபாதர்" என்றேன். "எனக்கும் தெரியாது, ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு ஜெபத்துக்குப் போய்விட்டார்.

என்னைக் காப்பாற்றியது அப்போது எங்கள் கல்லூரியில் இருந்த உடற்கல்வி இயக்குநர் அம்மா. பேச்சு கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும். ஆஃப்சைடு விதியைப் புத்தகம் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருந்த என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி மேசையில் போட்டார். "கோட்டுக்கு உள்ள நடக்கிறதைப் பாக்க நடுவர் இருக்கார். கோட்டுக்கு வெளியில நடக்கிறதைப் பாக்கத்தான் நீயும் உன் பிள்ளைங்களும். அதைச் சொல்லிக்குடு, போதும்" என்றார். பணி முடிந்து அவர் ஊருக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. இன்றைக்கும் இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 'வெளியில்' என்று அவர் சொன்னது எவ்வளவு தூரத்துக்கு என்பது எனக்குப் புரிய ஒரு சாவு வேண்டியிருந்தது.

உங்களுக்கே தெரியும், மூன்றாம் வருடப் பிள்ளைகள் செய்முறைத் தேர்வாக ஒரு நிஜப் போட்டியை நடத்திக் காட்ட வேண்டும். அந்த வருடம் பிள்ளைகள் எடுத்துக்கொண்டது கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கால்பந்து. டோல்கேட் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாகத் திரும்பினால் வரும் மாநகராட்சி மைதானம்தான் இடம். வெள்ளிக்கிழமை அரையிறுதி, சனிக்கிழமை மாலை இறுதியாட்டம்.

மொத்தப் பொறுப்பும் ரோசலினுடையது. ராயபுரத்துப் பெண். வீட்டில் எல்லாரும் துறைமுகத்திலோ ரயில்வேயிலோ வேலை பார்ப்பவர்கள். அவளுக்கு நேரம் தவறினால் ரத்தம் கொதிக்கும். போலீஸ் அனுமதி, மைதான அனுமதி, ஆம்புலன்ஸ், நடுவர்கள், தண்ணீர், பெண்கள் உடைமாற்ற இடம் என்று எதைக் கேட்டாலும் கோப்பைப் புரட்டி நீட்டுவாள். இத்தனை வருடத்தில் அவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

இன்னொருத்தி தமிழ்ச்செல்வி. இந்தக் கதை அவளைப் பற்றியதுதான். அதே வகுப்பு, வியாசர்பாடிக் குடியிருப்பிலிருந்து வருபவள். எங்கள் கல்லூரி அணியின் தலைவி, பின்வரிசைத் தடுப்பாட்டக்காரி. தடுப்பாட்டக்காரிகளின் தலையெழுத்து என்ன என்பதை அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கோல் போடுகிறவள் பெயர் எல்லாருக்கும் தெரியும், கோல் விழாமல் பார்த்துக்கொண்டவள் பெயரை ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதற்கு முன் இரண்டு அணித் தேர்வுகளுக்குப் போய்விட்டுச் சும்மா திரும்பியிருந்தாள். வகுப்பிலும் அப்படித்தான். செமினாருக்கு எழுந்து நிற்கச் சொன்னால் வாய் பூட்டிக்கொள்ளும். தன் பேச்சைக் கேட்டு யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம்.

படிப்பு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவள் அம்மா மாதவரம் பக்கம் ஒரு குடோனில் பில் போடும் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, வீட்டு நிலைமை அப்படி. அந்த நேரத்தில்தான் ரோசலின் எங்கெங்கோ பேசி, கோயம்புத்தூரிலிருந்து ஒரு தேர்வாளரை இறுதியாட்டத்துக்கு வரச் சம்மதிக்க வைத்தாள். பழைய ஆட்டக்காரர். ஒரு நிறுவனத்தின் பெண்கள் அணிக்கு ஆள் எடுப்பவர். எடுத்தால் தங்குமிடம், பயிற்சி, சம்பளத்தோடு வேலை. காலை ரயிலில் வந்து ஆட்டம் பார்த்துவிட்டு இரவு ரயிலில் திரும்புகிறார். செல்விக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை அரையிறுதி திருவிழா மாதிரி நடந்தது. எங்கள் பக்கத்தில் ஒலிபெருக்கி செட்டை 'ரேடியோ' என்றுதான் சொல்வார்கள். மைதானத்தின் நான்கு மூலையிலும் ஆளுயர ரேடியோ. குளிர்பான ஏஜென்சிக்காரர் ஒருவர் விளம்பரச் செலவை ஏற்றுக்கொண்டிருந்ததால் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை அவர் கடைப் பெயர் வரும். வாசலில் தென்னை மர உயரத்துக்குக் காற்றடைத்த ஒரு பாட்டில் வேறு ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் அணி ஜெயித்தது. எனக்கே உற்சாகம் தாங்கவில்லை, பக்கத்தில் நின்றவரின் காலை மிதித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை நான் மைதானத்துக்குப் போனபோது ரோசலினின் குரல் தெரு முனைக்கே கேட்டது. சாமியானா, நாற்காலி, ரேடியோ எல்லாம் வாடகைக்கு விடும் மூர்த்தி, நாங்கள் வரிசையாகப் போட்டு வைத்திருந்த நாற்காலிகளில் பாதியை மடக்கித் தன் டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இன்னா வெளையாடுறியா? சாயந்தரம் ஃபைனல். நாங்க எப்பவோ சொல்லி வச்சிட்டோம்."

"பாப்பா, பேஜாரு பண்ணாத. பக்கத்துல சாவு வூடு. கல்யாணம்னா நாளு குறிச்சிக்கினு வந்து சொல்வாங்க, நானும் எடுத்து வெப்பேன். இது சொல்லிக்கினா வருது? எங்க கடையில மொதல் சேரு அங்கதான் போவும். எங்கப்பா காலத்துலருந்து அப்டித்தான்."

"எந்த வீடு மூர்த்தி?" என்று கேட்டேன்.

அவர் மைதானத்துச் சுற்றுச்சுவரைக் காட்டினார். எங்கள் ரேடியோப் பெட்டி ஒன்று எந்தச் சுவரில் சாய்ந்து நின்றதோ, அந்தச் சுவருக்கு நேர் அந்தப் பக்கம். "ஹார்பர்ல சரக்கு தூக்குற வின்ச்சு ஓட்டுனவரு. ரெண்டு மாசமா படுத்த படுக்க. வெடிகாலைல பூட்டாரு" என்றார்.

ரோசலின் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். முந்தின நாள் முழுவதும் அந்த ரேடியோ அந்தச் சுவரில் அலறியிருக்கிறது. கோப்பில் எல்லா அனுமதியும் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்று மட்டும் எங்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

நம் ஊரில் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று உண்டு. தெருவில் சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் அந்தத் தெருவில் வேறு பாட்டு, கொண்டாட்டம் எதுவும் இருக்காது. டிவி சத்தத்தைக்கூடக் குறைத்துவிடுவார்கள். அன்றைக்கு எடுப்பது பொழுது சாய்ந்துதான் என்றார் மூர்த்தி. பெங்களூரிலிருந்து மகள் வர வேண்டும். அப்படியென்றால் எங்கள் ஆட்ட நேரம் முழுக்க அவர் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் கிடப்பார்.

அடுத்த கொஞ்ச நேரத்தில் எல்லாப் பக்கமிருந்தும் நெருக்கினார்கள். ஃபாதருக்குப் போன் செய்தேன். "ரத்து பண்ணிடுங்க மேடம். துக்க வீட்டுப் பக்கத்துல கிறிஸ்தவக் கல்லூரி பாட்டுப் போட்டு ஆடினாங்கன்னு ஒரு பேர் வந்தா, அதைத் துடைக்கவே முடியாது" என்றார். நியாயம்தான். ஏஜென்சிக்காரர் வந்தார். "சாவு தெருவுல, ஆட்டம் கிரவுண்டுல. நடுவுல சொவுரு கீது. அனௌன்ஸ்மெண்ட் இல்லன்னா நான் எதுக்கு மேடம் இதுக்குள்ள வந்தேன்?" என்றார். அவர் கணக்கில் அதுவும் நியாயம். ரோசலின் போனைக் காதிலிருந்து எடுத்து, "தேர்வாளர் மேடம் ரயில்ல பாதி வழி தாண்டிட்டாங்களாம்" என்றாள். இன்னொரு நாள் வர முடியுமா என்று கேட்டதற்கு, தேர்வுப் பட்டியல் திங்கட்கிழமை முடிந்துவிடும் என்று பதில் வந்திருந்தது.

இதையெல்லாம் செல்வி தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்தாள். "மேம், வாணாம். நிறுத்திடுங்க. என்னால ஒரு சாவு வூட்டுக்குத் தொந்தரவு வாணாம். எங்கம்மா சொன்ன வேல கீது, நான் போய்க்கிறேன்." அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அந்த நிதானம்தான் என்னைக் கலக்கிவிட்டது.

ரத்து செய்வது எனக்கு ரொம்பச் சுலபம், ஒருவரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். பிடிவாதமாக நடத்துவதும் சுலபம், கையில் போலீஸ் அனுமதி இருக்கிறது. இரண்டுமே எங்கள் வசதிக்கான முடிவுகள் என்பது அப்போது உறைத்தது. "ஃபாதர், எனக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க. முதல்ல அந்த வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ரோசலினைக் கூப்பிட்டேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஆட்டம் நடத்த ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதத்தைப் போனிலேயே அடித்து, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொண்டு வந்து நின்றாள். வீட்டாரிடம் கையெழுத்து வாங்குவதற்கு! கோபப்பட முடியவில்லை. எழுத்தில் வாங்காத அனுமதி அனுமதியே இல்லை என்று வகுப்பில் கத்தியது நான்தானே. "அதைக் கிழிச்சுப் போட்டுட்டு, டோல்கேட்டுக்குப் போய் ஒரு மாலை வாங்கிட்டு வா" என்றேன்.

மாலையோடு போனோம். எங்கள் நாற்காலிகள் எங்களுக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருந்தன. பெரியவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். மாலையை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்தோம். ரோசலின் என் காதில், "எப்ப கேக்கறது மேம்?" என்றாள். "கேக்கப் போறதில்ல" என்றேன். சாவு வீட்டில் போய் எங்களுக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்று எப்படி வாயைத் திறப்பது? போன் பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஃபாதராக இருக்கும், ஏஜென்சிக்காரராக இருக்கும். எடுக்கவில்லை. என் வேலையில் நான் செய்த கடினமான காரியம் அன்றைக்கு அந்தத் தரையில் சும்மா உட்கார்ந்திருந்ததுதான்.

அந்த வீட்டு மருமகள் கஸ்தூரி வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களிடம் வந்தபோது நின்றார்.

"டீச்சர், நீங்க அந்தப் பொண்ணுங்க ஆட்டத்துக்கு வந்தவங்கதான? நேத்து வாசல்ல நின்னு பாத்தேன்."

"ஆமாம்மா."

"இன்னிக்கி ஃபைனலுன்னு ரேடியோல சொல்லிக்கினே இருந்தாங்க. இன்னா ஆச்சு?"

"இந்த நேரத்துல எப்படிம்மா" என்று இழுத்தேன்.

ரோசலினுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அக்கா, நேத்து அவ்ளோ சத்தம் போட்டோமே, தாத்தாவுக்கு…" என்று ஆரம்பித்து உடைந்துவிட்டாள்.

கஸ்தூரி அவள் பக்கத்தில் குந்தினார். "மூச்சு வாங்கிகினுதான் கெடந்தாரு. எங்க வூட்டுக்காரு, நான் போய் சொல்லிட்டு வர்றேன்னு சட்ட மாட்டிக்கினு கெளம்பிட்டாரு. நான்தான் வாணாம்னேன். அந்த கிரவுண்டுல தெனம் ஆம்பளப் பசங்க கத்திக்கினு கீறானுங்க, அத்த யாரு போய்க் கேட்டா? பொண்ணுங்க என்னிக்கோ ஒரு நாளு ஆடுதுங்க, அதுங்களப் போயா நிறுத்துறதுன்னேன்."

வயதானவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது, முகம் தெரியாத பெண் பிள்ளைகளுக்காக அந்த வீடு எங்கள் இரைச்சலை ஒரு நாள் முழுக்கப் பொறுத்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"ஆடுங்க" என்றார் கஸ்தூரி. "விசிலு ஊதுங்க, அது இல்லாம எப்டி ஆடுவீங்க? ரேடியோ மட்டும் வாணாம். எங்க நாத்தனாரு வந்துகினு கீது. அது வந்து அப்பாவப் பாத்து அழுவுறப்ப சினிமாப் பாட்டு கேக்கக் கூடாது, அவ்ளோதான். அதனாலதான் மோளக்காரங்களக் கூட எடுக்குறப்ப வந்தா போதும்னு சொல்லிகீறோம்."

துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அவர் கையை ஒருமுறை பிடித்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தோம்.

வெளியே வந்ததும் ஃபாதரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். "அப்ப அவங்க சொன்ன மாதிரியே நடத்துங்க. நானும் வர்றேன்" என்றார். ஏஜென்சிக்காரரிடம் ரேடியோ கிடையாது என்றேன். அவர் கோபித்துக்கொண்டு காற்றடிக்கும் மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டார். அதுவும் நல்லதாகத்தான் போயிற்று, அந்த மோட்டாரே ஒரு மாவு மில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய பாட்டில் மெல்லத் தலை குனிந்து, இடுப்பு மடங்கி, வாசலிலேயே படுத்துக்கொண்டது. அத்தனை இறுக்கத்திலும் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்த சிக்கல் கூட்டம். மைக் இல்லாமல் மைக் இல்லை என்று எப்படி அறிவிப்பது? ரோசலின் வகுப்பு முழுவதையும் மைதானத்தைச் சுற்றி அனுப்பினாள். வருகிற ஒவ்வொருவரிடமும் நேரில் போய், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னார் இறந்துவிட்டார், கத்தாமல் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். வாசலில் ஆட்டோ ஸ்டாண்டுப் பையன்கள் கும்பலாக நின்றார்கள். முந்தின நாள் அவர்கள் அடித்த விசில் இன்னும் என் காதில் இருந்தது. இவர்களை எப்படி அடக்குவது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, அதில் ஒருவன் தானாகவே சுவரோரம் போய் நின்றுகொண்டான். யாராவது குரலை உயர்த்தினால் உதட்டில் விரலை வைத்து, "மாமு, பெருசு தூங்குது" என்பான். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாரும் அடங்கினார்கள்.

தேர்வாளர் ஆட்டம் தொடங்கும் நேரத்தில்தான் வந்து சேர்ந்தார், நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசை அவரையும் விடவில்லை. விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, ஃபாதருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் அதுவரை எத்தனையோ ஆட்டம் பார்த்திருந்தேன், அன்றைக்குத்தான் ஓர் ஆட்டத்தைக் கேட்டேன். பந்தில் கால் படுகிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம், விசில். தூரத்தில் லாரி ஹாரன். சொந்தக்காரர் யாராவது வந்து இறங்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி எழும்பி அடங்கும். இது எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு குரல், நிற்காமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

"மீனா, லெஃப்டுல ஆளு கீது பாரு. ஏறாத, ஏறாத, நில்லு. ஆங், இப்பப் போ. ஜோதி, அவள விடு, பால மட்டும் பாரு. நான் கீறேன் பின்னாடி."

செல்வி! செமினாரில் எழுந்து நிற்கக் கூசுகிற அந்தப் பெண், பின்வரிசையில் நின்றுகொண்டு மொத்த அணியையும் வாயாலேயே நகர்த்திக்கொண்டிருந்தாள். கத்தவில்லை, அதட்டவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வருகிறது என்பதை அது வருவதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் எல்லா ஆட்டத்திலும் இப்படித்தான் பேசியிருப்பாள். எங்கள் ரேடியோ எங்களைக் கேட்க விட்டதில்லை. தேர்வாளர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டதைப் பார்த்தேன்.

நாங்கள் ஜெயிக்கவில்லை. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் எங்கள் கோல்கீப்பர், முதல் வருடத்துச் சின்னப் பெண், கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டாள். கோல். ஜெயித்தவர்கள்கூடச் சத்தம் போடவில்லை, கையை மட்டும் உயர்த்திக் கட்டிக்கொண்டார்கள். அந்தச் சின்னப் பெண் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். செல்வி அவளிடம் போனாள். மைதானம் முழுக்கக் கேட்டது.

"எந்திரி. இன்னாடி ஆச்சு இப்ப? ஒரு பாலுதான பூட்ச்சி. மொதல்ல அவள மறிக்காம உட்டவ நானு, நீ எதுக்கு அழுவுற? எந்திரி, எடு பால. நான் கீறேன்."

அவள் எழுந்தாள். அதற்குப் பிறகு வந்த இரண்டு பந்தை அந்தச் சின்னப் பெண் பாய்ந்து பிடித்தாள். ஆட்டம் அப்படியே முடிந்தது.

கோப்பையைக் கொடுத்தோம், பேச்சு எதுவும் இல்லை. ஃபாதர் ஒரு நிமிடம் மௌனமாக ஜெபித்தார். செல்வி தோற்ற முகத்தோடு ஒதுங்கி நின்று ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தேர்வாளர் நேராக அவளிடம் போனார். நான் பயத்தோடு பின்னால் போனேன்.

"ஓடுறதையும் உதைக்கிறதையும் நாங்க சொல்லிக் குடுத்துடுவோம்மா. பின்னாடி நின்னு இத்தனை பேரையும் தாங்கறது சொல்லிக் குடுத்து வராது. உன்னோட பழைய தேர்வு ரெண்டையும் பார்த்த ஆள்கிட்ட நேத்தே விசாரிச்சேன், அந்தப் பேர்ல ஒரு பொண்ணு வந்த ஞாபகமே இல்லன்னாங்க. அங்க யாரும் உன் குரலைக் கேக்கல போல" என்றார். "திங்கட்கிழமை பட்டியல்ல உன் பேர் இருக்கும். அம்மாகிட்ட நான் பேசறேன்."

செல்வி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அழுதாள்.

அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் மேளம் ஆரம்பித்தது. மகள் வந்து சேர்ந்துவிட்டாள் போலிருந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, இரண்டு அணிப் பெண்களும் அழுக்கு உடுப்போடு தெருவுக்குப் போய்ச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். ஆட்டோப் பையன்களும் நின்றார்கள். பெரியவர் எங்களைத் தாண்டிப் போனார். கஸ்தூரி வாசலிலிருந்து எங்களைப் பார்த்தார், தலையை மட்டும் அசைத்தார். அவர் மாமனாரின் பெயர் ஏழுமலை என்று அதற்குள் எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அனுமதிகளை எல்லாம் வாங்குங்கள், அதில் குறை வைக்காதீர்கள். அதன் பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மைதானத்தை வெளிப்பக்கமாக ஒரு சுற்று நடங்கள். சுவரை ஒட்டிய வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவர் இருக்கலாம், படுக்கையில் கிடக்கிறவர் இருக்கலாம். அவர்கள் ஒன்றும் கேட்க மாட்டார்கள், பொறுத்துக்கொள்வார்கள். அதனால்தான் நாம் போய்க் கேட்க வேண்டும். அந்தத் தெருவுக்கு நான் பட்ட கடனை எப்படித் தீர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அடுத்த வருடப் போட்டிதான் என் பணிக்காலத்தில் கடைசி. இளைய வகுப்புப் பிள்ளைகள் முதல் அழைப்பை ஏழுமலை வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுத்தார்கள். ரேடியோ வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், அதுவே எங்கள் துறையின் வழக்கமாக இருக்கட்டும் என்று ஓர் எண்ணம். ரோசலின் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். செல்வி கோயம்புத்தூரிலிருந்து தன் அணியின் மேல்சட்டையோடு வந்திருந்தாள். கஸ்தூரி நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியது. போன வருடத்துப் பழக்க தோஷம், கூட்டம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தது.

கஸ்தூரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"இன்னா டீச்சர், புள்ளைங்க ஆடுற எடம் சாவு வூடு மாதிரி கீது? எங்க மாமனாருக்கு வருசத் தெவசமே குடுத்தாச்சு. ரேடியோ போடச் சொல்லு."

நான் மூர்த்தியைத் தேடினேன். அந்த ஆள் எதற்கும் இருக்கட்டும் என்று ரேடியோ செட்டை டெம்போவிலேயே வைத்திருந்தார். செல்வி ஓடிப்போய்ப் பெட்டியை இறக்கி, போன வருடம் அது சாய்ந்து நின்ற அதே சுவரைப் பார்த்ததும் தயங்கி, மைதானத்தின் பக்கமாகத் திருப்பி வைத்து ஒயரைச் சொருகினாள். பாட்டு மெல்லிசாகத்தான் வந்தது. அவள் கை குமிழிலேயே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வையிம்மா" என்றார் கஸ்தூரி.